பூரணகிரிக்கு வந்த கல்

கண்ணகிக்கு நடும் கல்லை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சு சேரன் செங்குட்டுவன் அவையில் எழுந்தபோது, அமைச்சர்கள் இரண்டு வழி சொன்னார்கள். பொதிய மலையில் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டலாம். அல்லது இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டலாம். பொதியம் பக்கத்து மலை. அங்கே போய்வர யாரோடும் போரிட வேண்டியதில்லை. மறக்குடியில் பிறந்த அரசனுக்கு அந்த எளிய வழி பெருமை தராது என்று சொல்லிச் செங்குட்டுவன் இமயத்தைத் தேர்ந்தான். தமிழில் இத்தனை தூரம் நடந்த கல் வேறு இல்லை. அந்தக் கல்லுக்காகத்தான் இன்றும் சித்ரா பௌர்ணமியன்று தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு விடியுமுன்பே கண்ணகி கோயில் மலையேறுகிறது.

கல் தேடிப் போனவன் அரசன். கல் வேண்டும் என்ற நினைப்பு பிறந்த இடமோ மலைக்குடியின் தினைப்புனம். மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் ஏறி, ஒற்றை முலையோடு ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள். அவளை முதலில் பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். வானிலிருந்து வந்தவர்களோடு கணவனும் சேர்ந்து நிற்க, அவள் மேலேறிப் போனதைக் கண்டதும் அவர்களேதான். பறையடித்துக் குரவை ஆடி, இவளைப் போல ஒரு தெய்வம் நம் குலத்துக்கு இல்லை என்று முடிவு கட்டினார்கள். அதன் பிறகுதான் மலைவளம் காண வந்து பெரியாற்று மணலில் தங்கியிருந்த அரசனிடம் யானைத் தந்தமும் அகிலும் தேனுமாகப் போய், பார்த்ததைச் சொன்னார்கள். அரசன் கோயில் கட்டினான் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவளைத் தெய்வம் என்று முதலில் கும்பிட்டவர்கள் மலையில் இருந்தவர்கள். இளங்கோ தம் சிலப்பதிகாரத்தில் அவர்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறார். வஞ்சிக் காண்டம் குன்றக் குரவையில்தான் தொடங்குகிறது.

அதன் பிறகு வரும் காதைகளின் பெயர்களைப் பார்த்தாலே கல் வந்த வழி தெரியும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. கல்லைக் கண்டு தேர்வது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது. இவை இளங்கோ புதிதாக வகுத்தவை அல்ல. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையாகத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்பவை. களத்தில் விழுந்த ஆணுக்கு ஊர் செய்த அந்த மரியாதையை, பாண்டிய அரசனிடம் நியாயம் கேட்டு வென்ற ஒரு பெண்ணுக்கு அப்படியே எடுத்துச் செய்ததில்தான் சிலப்பதிகாரத்தின் பெருமை இருக்கிறது என்பேன்.

இந்த வழக்கம் தேனி மாவட்டத்து மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைப் பக்கம் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டார்கள். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. எழுத்துள்ள நடுகற்களில் இவற்றைவிடப் பழையவை இந்தியாவில் இதுவரை அறியப்படவில்லை. கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை என்று மதிப்பிடுகிறார்கள். ஆளுயரம்கூட இல்லாத, செதுக்கி அழகுபடுத்தாத கற்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்காக நட்ட கல். அந்தக் கூடலூர், இன்று கம்பத்தைத் தாண்டிக் குமுளிக்குப் போகும் வழியில் இருக்கும் கூடலூராகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியானால் கண்ணகி கோயில் மலையின் அடிவாரத்து ஊரில், சிலப்பதிகாரம் எழுதப்படுவதற்கு முன்பே மாட்டுக்காகச் சண்டையிட்டு ஒருவன் மாண்டிருக்கிறான். அவனுக்கு வைகைக் கரையில் கல் நின்றிருக்கிறது. இமயத்துக் கல்லுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் மூத்த கற்கள் இருந்தன.

இனி இமயத்துக் கல்லின் நடை. வடக்கே கனகன், விசயன் என்ற அரசர்கள் தமிழர் ஆற்றலை இகழ்ந்து பேசினார்கள் என்பது கதை. போர் பதினெட்டு நாழிகையில் முடிந்தது. இமயத்தில் எடுத்த கல்லை அந்த இருவர் முடித்தலையிலேயே ஏற்றி, கங்கையில் நீராட்டி, சேரன் தன் தலைநகரான வஞ்சிக்குத் திரும்பியபோது முப்பத்திரண்டு மாதம் ஆகியிருந்தது. வஞ்சியில் வேண்மாள் காத்திருந்தாள். கண்ணகிக்குக் கோயில் வேண்டும் என்று முதலில் கேட்ட அரசி அவள்தான். இந்தப் படையெடுப்புக்கு வடநாட்டில் சான்று கிடைக்கவில்லை என்பார்கள் வரலாற்று ஆசிரியர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நீதி கேட்டவளுக்கு நடும் கல்லுக்காக ஓர் அரசன் இத்தனை மாதம் நாட்டை விட்டு இருந்தான் என்று சொல்ல ஒரு மொழிக்குத் தோன்றியிருக்கிறதே, அது போதும்.

கல் நடப்பட்ட விழாவுக்கு வந்தவர்களில் ஒருவன் இலங்கைக் கயவாகு மன்னன். தன் நாட்டிலும் அவள் வந்து அருள வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான் என்கிறது காப்பியம். அந்த வேண்டுதல் பலித்தது என்றே சொல்ல வேண்டும். சிங்களவரிடம் அவள் பத்தினித் தெய்யோ. கண்டியின் எசல பெரகராவில் பத்தினி தேவாலய ஊர்வலம் இன்றும் உண்டு. மட்டக்களப்பில் வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, ‘கண்ணகி வழக்குரை’ படித்து, குளிர்த்தியோடு சடங்கை முடிப்பார்கள். மதுரையை எரித்த சினத்தைத் தணிக்கிற சடங்கு அது. யாழ்ப்பாணத்தில் மட்டும் 19ஆம் நூற்றாண்டுச் சைவச் சீர்திருத்தத்தின்போது பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன் பெயர்களுக்கு மாறிப்போயின. கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதியிடமும் திருவனந்தபுரம் ஆற்றுகால் பகவதியிடமும் அவள் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலட்சக்கணக்கான பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டும் ஆற்றுகால் பொங்கலை, மதுரையிலிருந்து வந்தவள் வழியில் தங்கிய இடம் இது என்ற நம்பிக்கையில்தான் வைக்கிறார்கள்.

சரி, கல் எங்கே நடப்பட்டது? இந்தச் சண்டை பழையது. கண்ணகி நின்ற குன்றம் திருச்செங்கோடு என்று சொன்னவர்கள் உண்டு. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அதை மறுத்து, கொடுங்கோளூருக்கு அருகே உள்ள செங்குன்று என்கிறார். வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்பது தனிச் சண்டை. உ.வே. சாமிநாதையர் 1892இல் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்ட பிறகு இந்த வாதங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வந்தன. ஓலையில் இருந்த மலையைப் புத்தகத்தில் படித்தவர்கள், அது எந்த மலை என்று தேடத் தொடங்கினார்கள்.

அப்படித் தேடியவர்களில் புத்தகத்தை மூடிவிட்டு நடக்கத் தொடங்கியவர் தமிழ்ப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து மேற்கு மலைக்கும் கண்ணகி நடந்ததாக இளங்கோ சொல்லும் வழியை ஊர் ஊராகக் கேட்டு நடந்தவர் அவர். வைகையைப் பிடித்து மேற்கே வந்தால் வழி தானாகக் கம்பம் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விடும். சுருளி மலையில் வேலப்பர் இருக்கிறார். நெடுவேள் குன்றத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள். மலைக்கு அந்தப் புறம் பெரியாறு. செங்குட்டுவன் தங்கிய மணல்கரை அங்கே. காப்பியத்தின் கடைசிக் காதையில் ‘மங்கல மடந்தை கோட்டம்’ என்று ஒரு மலைக்கோயில் வருகிறது. கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இடிந்து கிடந்த கோயிலை மக்கள் மங்கலதேவி என்றே சொல்லிவந்தார்கள். கோவிந்தராசனார் 1963இல் மலையேறி, இதுவே கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். ‘கண்ணகியார் அடிச்சுவட்டில்’ என்ற தம் நூலுக்குப் பெயரைக் காலாலேயே சம்பாதித்தவர் அவர்.

அங்கே அவருக்குத் துணை நின்றவை கல்வெட்டுகள். சோழர் காலத்தவை, பிற்காலப் பாண்டியர் காலத்தவை என்று படித்திருக்கிறார்கள். அவற்றில் வரும் அம்மனின் பெயர் பூரணி, பூரணகிரி ஆளுடைய நாச்சியார். அந்த நாச்சியாரே கண்ணகி என்பது கோவிந்தராசனாரும் அவரைத் தொடர்ந்தவர்களும் காப்பியத்தையும் மலையையும் ஆற்றையும் வழக்கையும் சேர்த்து வைத்துக் கட்டிய வாதம். அதை நான் ஏற்கிறேன். ஏற்காதவர்களும்கூட ஒன்றை மறுக்க முடியாது. 1,300 மீட்டருக்கு மேல், யானையும் காட்டெருமையும் உலவும் புல்வெளி முகட்டில், கருங்கல்லைத் தூக்கிவைத்துக் கோயில் கட்டி, அதற்கு இரண்டு அரச குலங்கள் அறம் செய்திருக்கின்றன. சும்மா ஒரு பாறையின்மேல் யாரும் இத்தனை கல் ஏற்ற மாட்டார்கள்.

அந்தக் கற்களை நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வைக்காமல் கல்லோடு கல்லை உட்காரவைத்துக் கட்டிய சுவர்கள். எடையே பிடிமானம். ஒரு கல் வெளியே தள்ளினால் அதன் மேலிருப்பவை எல்லாம் வரிசை தப்புகின்றன. சுற்று மதில் பல இடங்களில் சரிந்து, கல் புல்லுக்குள் கிடக்கிறது. தனித்தனியாக நிற்கும் சிறிய கருவறைகள்; அவற்றின் தூண்களிலும் தளங்களிலும் பாசி. இடுக்கில் வேர் நுழைந்து கல்லை நெம்புகிறது. தென்மேற்குப் பருவமழை மோதும் முகடு இது. ஒவ்வோர் ஆடியிலும் அந்த வேருக்குத் தண்ணீர் கிடைக்கிறது. பழைய அம்மன் திருமேனி முழுமையாக இல்லை. இமயத்துக் கல் என்று கைகாட்ட அங்கே ஒன்றும் இல்லை.

ஆனாலும் கும்பிடு நிற்கவில்லை. ஜப்பானின் நாரா பகுதியில் மிவா என்றொரு மலை உண்டு. அதன் அடிவாரத்தில் ஓமிவா என்ற மிகப் பழைய ஷிண்டோ கோயில். அங்கே தெய்வத்தை வைக்கும் கருவறை கிடையாது. வழிபாட்டு மண்டபத்தில் நின்று பின்னால் இருக்கும் மலையைத்தான் கும்பிடுகிறார்கள், மலையே சாமி. மலையேற விரும்புகிறவர் அடிவாரத்தில் பெயர் கொடுத்து, வெள்ளைப் பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மேலே சாப்பிடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு நம் மலைக்கு ஏறும் பளியங்குடிப் பாதைதான் நினைவுக்கு வந்தது. நம் கோயிலில் கருவறை உண்டு, அதற்குரிய கல்தான் இல்லை. அந்த இடத்தை மலை எடுத்துக்கொண்டுவிட்டது. சித்திரையில் மேலே ஏற முடியாத வயதானவர்கள் கூடலூர் வயல்வெளியில் நின்று, முகடு இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த மலைதான் கண்ணகி.

நமக்கும் நேரக் கணக்கு உண்டு, காரணம் வேறு. ஒரு பக்கம் காடு. 1978இல் பெரியாறு புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இன்னொரு பக்கம் எல்லை. கோயில் தமிழக எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கு 1817ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அளவை முதல் சான்றுகளை நம் தரப்பு அடுக்குகிறது. கேரளம் தன் காட்டுக்குள் இருக்கிறது என்கிறது. 1970களின் நடுவில் இரண்டு அரசுகளும் சேர்ந்து அளந்தும் பேச்சு ஓயவில்லை. முன்பெல்லாம் பல நாள் நடந்த திருவிழா ஒரு நாளாகச் சுருங்கியது. இப்போது ஆண்டுதோறும் பங்குனி, சித்திரை வாக்கில் தேனி, இடுக்கி ஆட்சியர்கள் கூடிப் பேசுகிறார்கள். எத்தனை மணிக்குத் திறப்பது, குமுளியிலிருந்து ஜீப்புக்கு என்ன கட்டணம், எங்கெல்லாம் குடிதண்ணீர் வைப்பது, எதை மேலே கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். வருடத்தின் மற்ற நாட்களில் அந்த முகடு யானைக்கும் மழைக்கும்.

பூசையும் அப்படித்தான் பங்காகியிருக்கிறது. ஒரு கருவறையில் மலையாள பூசாரிகள் மங்கலதேவிக்குப் பகவதி முறையில் செய்கிறார்கள். இன்னொன்றில் நம்மவர்கள் கண்ணகிக்குச் செய்கிறார்கள். கூட்டத்தில் வரும் பெண்கள் இந்தப் பங்கைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு வாசலிலும் நிற்கிறார்கள், இரண்டு பிரசாதத்தையும் ஒரே மடியில் முடிந்துகொள்கிறார்கள்.

விழா மலை உச்சியில் தொடங்குவதில்லை. சித்திரை பிறந்ததும் லோயர் கேம்ப் பக்கத்தில் பளியங்குடியில் கொடியேறுகிறது. கொடிமரம் பச்சை மூங்கில். பளியங்குடி, பெயரே சொல்வதுபோல், பளியர்கள் வாழும் ஊர். தேனும் கிழங்கும் எடுத்து இந்த மலையை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள் அவர்கள். கொடியேற்றத்தில் அவர்களும் நிற்கிறார்கள். இளங்கோ சொல்லும் குன்றத்து மக்களின் வழி வந்தவர்களா என்று நிறுவ யாராலும் முடியாது. ஆனால் மலைக்கோயிலின் விழா மலைமக்கள் ஊரில் தொடங்க வேண்டும் என்ற நினைப்பு சரியானது. கதையும் அங்கேதான் தொடங்கியது.

பௌர்ணமியன்று இரண்டு வழியாகக் கூட்டம் மேலேறுகிறது. குமுளியிலிருந்து காட்டுச் சாலையில் ஜீப்புகள் வரிசை கட்டும். சித்திரைப் புழுதியில் உள்ளே இருப்பவர் முகம் அடையாளம் தெரியாது. பளியங்குடியிலிருந்து ஏறுவது ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒற்றையடிப் பாதை. முதலில் மூங்கிலும் மரமும் நிழல் தரும். பிறகு நிழல் விட்டுப்போய், முழங்கால் புல்லுக்கு நடுவே நேர் ஏற்றம். வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். கையில் கம்பு, தலையில் துண்டு, இடுப்பில் பேரன். எழுபது வயது ஆச்சி ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். கீழே இறங்குகிற பையன்கள், “இன்னும் கொஞ்சந்தான் ஆச்சி” என்று வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மேலே ஒரு நாளுக்கான கோயில் எழும்பியிருக்கும். கம்பும் தழையும் கொண்டு பந்தல். பழைய திருமேனி இல்லாத இடத்தில், விழாவுக்கென்று கொண்டுவந்து அலங்கரித்த அம்மன். மஞ்சள் குங்குமமும் வளையலும் மங்கல நாணும் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். மணிமேகலையை மறக்காமல் அட்சய பாத்திரம் வைத்து அன்னம் வழங்குகிறார்கள். கம்பத்திலிருந்து இதைக் கட்டிக் காத்துவரும் அறக்கட்டளைக்காரர்கள் தேருக்கு வடம் பிடிக்கும் முனைப்போடு சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கணவனை இழந்தவளிடம் தாலிக்கயிறு வாங்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்குகிற பெண்களிடம் கேட்டால், அவன் கூடவே மேலே போனவள் ஆயிற்றே என்பார்கள். குன்றக் குறவர்கள் பார்த்த காட்சியும் அதுதானே.

முகட்டின் கிழக்கு ஓரத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், இடையில் திராட்சைப் பந்தல்களும் தென்னையும் நெல் வயலும். அந்த வயலுக்குப் பாய்வது பெரியாற்றுத் தண்ணீர். பொறியாளர் பென்னிகுக் கட்ட, 1895இல் திறக்கப்பட்ட அணை, மேற்கே ஓடிய ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. செங்குட்டுவன் எந்த ஆற்றின் மணலில் உட்கார்ந்து கண்ணகி கதையைக் கேட்டானோ, அந்த ஆறு இன்று லோயர் கேம்பில் குழாய் இறங்கி மின்சாரம் தந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்து, வைகையில் கலந்து மதுரைக்குப் போகிறது. மதுரையிலிருந்து நெருப்போடு மேற்கே வந்தவள் நின்ற மலையின் அடியிலிருந்து, மதுரைக்குத் தண்ணீர் போகிறது. எந்தக் குளிர்த்திச் சடங்கும் இதைவிடப் பெரியதல்ல என்று எனக்குத் தோன்றும்.

இத்தனை இருந்தும் கோயிலின் கற்களைப் பற்றிப் பேச ஆளில்லை. எல்லைக்கோடு யாருக்கு என்பதில் காட்டிய அக்கறையில் பாதியை மதிலைத் தூக்கி நிறுத்துவதில் இரண்டு அரசுகளும் காட்டியிருந்தால், இத்தனை ஆண்டுகளில் அந்தக் கல் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பளியங்குடியிலிருந்து தார்ச்சாலை போட வேண்டும் என்ற கோரிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. வயதானவர்களை நினைத்தால் அதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் நான் அதற்கு எதிர்ப்பக்கம். சாலை வந்தால் காடும் போகும், நடையும் போகும். பாதையைப் பாதையாகவே சீர்செய்து, படி வெட்டி, நிழலும் தண்ணீரும் முதலுதவியும் வைத்தால் போதும். ஏற முடியாதவருக்கு ஜீப் வழி ஏற்கெனவே இருக்கிறது.

அதற்கும் முன் செய்ய வேண்டியது, அதிகச் செலவில்லாத வேலை ஒன்று. இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் ஒரு கோடையில் சேர்ந்து மேலே போய், புல்லுக்குள் கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, படம் எடுத்து, எது எந்தச் சுவரிலிருந்து விழுந்தது என்று குறித்து, கல்வெட்டுகளை மீண்டும் மைப்படி எடுத்து இரண்டு மொழியிலும் அச்சிட வேண்டும். கோயில் யாருடையது என்ற தீர்ப்புக்காக இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேர் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.